சக்கைக்கு வந்த யோகம்

வடபழனி கோயில் பக்கம் கரும்பு ஜூஸ் குடிப்பவர்கள், மெஷினுக்குக் கீழே குவியும் சக்கையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாடு தின்றால் உண்டு; இல்லாவிட்டால் குப்பை லாரி. அந்தச் சக்கை மேல் ஒரு காலத்தில் தமிழக அரசே கண் வைத்தது. காரணம், பேப்பர் பஞ்சம்!

1970-களில் இந்தியாவில் நியூஸ்பிரிண்டுக்கு இருந்தது ஒரே ஆலை, மத்தியப் பிரதேசத்து நேபாநகரில். பற்றாக்குறைக்குக் கப்பலைத்தான் பார்த்திருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று டெல்லி கோட்டா போட்டது. நாளிதழ்கள் 10 பக்கம் தாண்டக் கூடாது என்றுகூட ஒரு கட்டுப்பாடு. 1972-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பிறகுதான் அது ஒழிந்தது.

எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1979-ல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் பிறந்தது. உலக வங்கி கடன் கொடுத்தது. கரூருக்குப் பக்கத்தில் புகளூரில் ஆலை. இடத்தின் பெயரே காகிதபுரம் ஆகிவிட்டது. 1984-ல் உற்பத்தி ஆரம்பம், வருடத்துக்கு 90,000 டன் திறன். மூலப்பொருள்? நம்ம கரும்புச் சக்கை!

இங்கேதான் சிக்கல். ஜூஸ் கடைக்குத்தான் சக்கை குப்பை. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சுமார் 300 கிலோ ஈரச்சக்கை வரும். சர்க்கரை ஆலை அதைத்தான் பாய்லரில் எரித்து நீராவி எடுக்கும். 'சக்கையைக் கொடு' என்றால், 'அப்புறம் என் அடுப்புக்கு?' என்று கேட்க மாட்டார்களா?

கடைசியில் கைகொடுத்தது நம்ம பாட்டன் காலத்துப் பண்டமாற்று. காகித ஆலை, சர்க்கரை ஆலைகளிலேயே பாய்லர் வைத்து, நிலக்கரி எரித்து நீராவி கொடுத்தது. பதிலுக்குச் சக்கை. பி.காம். படித்தவன் என்பதாலோ என்னவோ, இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சக்கைக்கு விலை வைத்தது நிலக்கரி!

வாங்கினால் மட்டும் போதுமா? கரும்பு அரைப்பது சில மாதம். பேப்பர் மெஷினோ வருஷம் முழுக்க ஓடணும். சக்கை காய்ந்தால் தீ பயம், சும்மா கிடந்தால் அழுகும். அதனால் தண்ணீர் விட்டு நனைத்து, மலைபோல் குவித்து வைத்தார்கள். பஞ்சு மாதிரியான உட்பகுதி பேப்பருக்கு ஆகாது. அதைப் பிரித்து பாய்லருக்கு அனுப்பினார்கள். சக்கை கழுவிய தண்ணீரிலிருந்து மீத்தேன் எடுத்தது பிற்காலத்து வித்தை.

1990-களில் சர்க்கரை ஆலைகள் விழித்துக்கொண்டன. சக்கையை எரித்து மின்சாரம் தயாரித்து விற்கலாம் என்று ஆனதும், சக்கைக்கு ஏகக் கிராக்கி! காகித ஆலை, சவுக்கும் தைலமரமும் பயிரிடச் சொல்லி விவசாயிகளிடம் போனது. வெளிநாட்டு நியூஸ்பிரிண்டோடு விலையில் மல்லுக்கட்ட முடியாமல், எழுதும் தாள், அச்சுத் தாள் பக்கம் ஒதுங்கியது. 'செய்தித்தாள்' மட்டும் பெயரில் தங்கிவிட்டது.