செவ்விளக்கும் செல்வாக்கும்

ஓடும் வண்டியின் உச்சியிலே மின்னிச் சுழலும் விளக்கு, “வழி விடுக” என்று வாயின்றிச் சொல்லும் மொழியாகும். தீயணைக்க விரைவோர்க்கும், உயிர் ஊசலாடும் நோயாளரைக் கொண்டு செல்வோர்க்கும் உரியது அம்மொழி. இந்திய நாட்டிலே அது பதவியின் சின்னமாக மாறிப் பின்னர் மீட்கப்பட்ட வரலாறு சிந்திக்கத் தக்கது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 108ஆம் விதி, வண்டியின் முன்புறத்திலே செவ்வொளி காட்டுவதைப் பொதுவாகத் தடுத்தது. ஆயினும், மத்திய, மாநில அரசுகள் குறிப்பிடும் உயர் பதவியாளர்க்கு விலக்கு அளித்தது. அச்சிறு வாயில் வழியே பலர் நுழைந்தனர். மாநிலங்கள் தத்தம் பட்டியலை நீட்டின. உரிமையற்றோரும் விளக்கைப் பொருத்திக்கொண்டனர்.

2013 டிசெம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்புப் பதவி வகிக்கும் உயர்ந்தோர்க்கு மட்டுமே செவ்விளக்கு உரியதெனத் தீர்ப்பளித்தது. 2017 மே 1 முதல் அவர்க்கும் அவ்வுரிமை இல்லையாயிற்று. குடியரசுத் தலைவரும் பிரதமருங்கூட இதற்கு விலக்கல்லர். பட்டியல் வகுக்கும் அதிகாரமும் அரசுகளிடமிருந்து நீக்கப்பட்டது. மின்னும் விளக்கு அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் முதலிய அவசரப் பணி வண்டிகளுக்கே உரியதாயிற்று.

எல்லோரும் அவசரம் என்றால் எவருடைய அவசரத்தையும் உலகம் நம்பாது. பெருமைக்காக எரிந்த விளக்கு ஒவ்வொன்றும், நோயாளியின் வண்டிக்கு வீதி தரவேண்டிய மதிப்பைச் சிறிது குறைத்தது. விதி திருத்தப்பட்டதன் பயன், அம்மதிப்பை உரிய இடத்திலே மீண்டும் வைத்ததேயாகும்.