மக்நோட்டன் வழக்கும் குற்றமனமும்

ஒருவன் செய்த செயல் எத்துணைக் கொடியதாயினும், அச்செயலை மட்டுங்கொண்டு அவனைக் குற்றவாளியெனத் தீர்ப்பது ஆங்கிலக் குற்றவியற் சட்டத்தின் பொதுமரபன்று. சட்டம் விலக்கிய செயல் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அதனோடு குற்றமனமும் கூடியிருத்தல் வேண்டும். எதிரி கூறும் எதிர்வாதங்களுட் பல இவ்விரண்டாவது கூற்றினையே மறுப்பன. தற்காப்போ வேறு வகையினது; அது செயலையும் நோக்கத்தையும் ஏற்றுக்கொண்டு அவற்றுக்கு நியாயங் காட்டுவது. இவையனைத்தினுள்ளும் நீதிபதிகளை நெடிது இடர்ப்படுத்தியது சித்தசுவாதீனமின்மை என்னும் எதிர்வாதமேயாகும்.

1843ஆம் ஆண்டு சனவரி 20ஆந் திகதி இலண்டன் நகரத் தெருவொன்றில் எட்வேட் டிறமண்ட் என்பார் பின்னாலிருந்து சுடப்பட்டார். ஐந்து நாட்களின் பின் இறந்தார். இவர் பிரதமர் சேர் றொபேட் பீலின் அந்தரங்கச் செயலாளர். சுட்டவன் கிளாஸ்கோ நகரில் மரங்கடைதற் தொழில் செய்துவந்த டானியல் மக்நோட்டன். தோரிக் கட்சியினர் தன்னைச் செல்லுமிடமெல்லாம் தொடர்ந்து துன்புறுத்துகின்றனர் என்பது அவனது நீங்கா நம்பிக்கை. டிறமண்டைப் பீல் என்றே அவன் பிழையாகக் கருதினான் என்பர்.

மார்ச்சு மாதத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிரிக்காகத் தோன்றிய அலெக்சாண்டர் கொக்பேண் மருத்துவர் பலரைச் சாட்சிகளாக அழைத்தார். அவர்களை மறுத்துரைக்க வழக்குத்தொடுநர் ஒரு மருத்துவரையேனும் அழைத்தாரில்லை. பிரதம நீதியரசர் ரிண்டல் விசாரணையை அவ்வளவில் நிறுத்தி யூரிமாரின் கருத்தைக் கேட்டார். அவர்கள் இருந்த இடம்விட்டு எழாமலே, சித்தசுவாதீனமின்மையால் எதிரி குற்றவாளியல்லன் என்றனர்.

நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1840இல் தம்மைச் சுட முயன்றவனும் இவ்வாறே விடுபட்டதைக் கண்டிருந்த விக்டோறியா மகாராணியார் பெரிதும் அதிருப்தியுற்றார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து ஐந்து வினாக்களை விடுத்தது. அவ்வாண்டு யூன் மாதம் அவர்கள் அளித்த விடைகளே மக்நோட்டன் விதிகள். உளப்பிணியாற் பகுத்தறிவு குன்றி, தான் செய்யும் செயலின் இயல்பையும் தன்மையையும் அறியாதிருந்தான், அன்றேல் அது தவறென்பதை அறியாதிருந்தான் என எதிரி நிறுவுதல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். வழக்கொன்றிற் பிறந்த தீர்ப்பன்று இது. நேர்நின்று வாதிப்பாரின்றிப் பொதுவாகக் கேட்கப்பட்ட வினாக்களுக்கான விடை. நீதிபதி மோல் இக்குறையைச் சுட்டித் தம் தயக்கத்தைத் தனியே தெரிவித்தார்.

இவ்விதிகளை மக்நோட்டனுக்கே பிரயோகித்தால் யாது நேரும்? தான் ஒரு மனிதனைச் சுடுகின்றான் என்பதை அவன் அறிந்திருந்தான். கொலை சட்டத்துக்கு மாறானது என்பதையும் அறியாதவனல்லன். ஆகவே அவன் பெயர் தாங்கிய விதி அவனையே தூக்குமேடைக்கு அனுப்பியிருத்தல் கூடும். மருத்துவர் உள்ளம் முழுவதையும் நோக்கினர். விதியோ அறிவு ஒன்றனையே நோக்கிற்று. தவறென்று அறிந்தும் தன்னை அடக்கும் ஆற்றலற்றவனுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு மனிதக்கொலைச் சட்டம் குறைந்த பொறுப்பு என்னும் எதிர்வாதத்தை ஏற்றபோதே, அதுவும் கொலைக்குற்றச்சாட்டில் மாத்திரம், இக்குறை ஒருவாறு நிரம்பிற்று.

ஈழத்துக்கும் இவ்விதியின் சாயல் வந்து சேர்ந்தது. 1860இன் இந்தியச் சட்டக்கோவையைத் தழுவி 1883இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, செயலின் இயல்பை அல்லது அது தவறானது, அன்றேல் சட்டத்துக்கு முரணானது என்பதை அறியும் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்கிறது. அடக்கும் ஆற்றலைப் பற்றி அங்கும் ஒரு சொல்லில்லை. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமோ இதனை நிறுவும் பொறுப்பை எதிரியின் மீதே சுமத்தியது. பிணியுற்றவனே தன் பிணியை நிறுவவேண்டியவனானான்.

அதே 1883இல் இங்கிலாந்து, மகாராணியாரின் விருப்பத்துக்கிணங்கி, யூரிமாரின் தீர்ப்பு வாசகத்தைக் ‘குற்றவாளி, ஆயினும் சித்தசுவாதீனமற்றவன்’ என மாற்றியது. குற்றமனம் இல்லாதவனைக் குற்றவாளி என்று கூறும் இம்முரண் 1964 வரை நீடித்தது. மக்நோட்டன் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் இருபதாண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்து, 1864இல் புறோட்மூருக்கு மாற்றப்பட்டு, மறுவருடம் அங்கேயே இறந்தான்.