சுட்டெண்ணைத் தட்டினால் பெறுபேறு வருகிறதே, அந்த வித்தையின் கதை

சாதாரண தரப் பெறுபேறு வெளியான இரவில் நாமெல்லோரும் செய்வது ஒன்றுதான். போனை எடுத்துப் பிள்ளையின் சுட்டெண்ணைத் தட்டுவோம். இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குள் நம் பிள்ளையின் பெறுபேறு மட்டும் வந்து நிற்கும். சுட்டெண் சாவி, பெறுபேறு அதற்குரிய பெறுமதி. சாவியைக் கொடுத்தால் பெறுமதியைத் தரும் அமைப்புகள் பல வகை. இணைய மொழிகளுக்குள்ளே அதிகம் புழங்குவது ஹேஷ் டேபிள்.

இதன் தொடக்கம் 1953 ஜனவரி. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் உள்சுற்றுக் குறிப்பொன்றில் இந்த யோசனையை எழுதினார். ஜேர்மனியில் பிறந்தவர். முன்பு புடவைத் துறையில் இருந்தவர், துணியின் இழைகளை எண்ணும் கருவியும் செய்தவர். நம் வங்கி அட்டை இலக்கத்தின் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்க்கும் கணக்கும் அவருடையதே.

அவர் சொன்னது எளிது. பட்டியலை முதலிலிருந்து தேடாதே, சாவியை வைத்தே இடத்தைக் கணக்கிடு. நம்மிடம் 100 பெட்டிகள் இருக்கின்றன என்று வைப்போம். 4521837 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 37. அதை 37ஆம் பெட்டியில் போடுவோம், தேடும்போதும் நேரே அங்கே போவோம். 37இல் முடியும் இன்னோர் எண்ணும் வருமே? வரட்டும், அதே பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம் என்றார் லூன். அந்த மோதலை ஞாபகத்தில் வையுங்கள்.

பிறகு ஓக், பேர்ல், பைத்தான், பி.எச்.பி. என்று மொழிக்கு மொழி இது வந்தது. 1995இல் பிறந்த ஜாவாஸ்க்ரிப்டில் மட்டும் இதற்கெனத் தனி ஏற்பாடு இருக்கவில்லை. ஆப்ஜெக்டையே 20 வருடம் இதற்குப் பயன்படுத்தினார்கள். யாராவது ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல்லைச் சாவியாகத் தேடினால், நாம் போடாத ஒன்று உள்ளேயிருந்து எழுந்து வரும்! ‘மேப்’ 2015இல்தான் வந்தது.

இனி மோதலுக்கு வருவோம். இணையப் படிவத்தில் நாம் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் சேர்வரில் ஒரு சாவியாகிறது. எல்லாப் பெயர்களும் ஒரே பெட்டியில் விழும்படி ஒருவன் திட்டமிட்டு அனுப்பினால்? ஒவ்வொரு புதுப் பெயரையும் முந்தியவை எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். ஓர் இலட்சம் பெயருக்கு ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். சேர்வர் மூச்சுத் திணறிவிடும்.

2003இலேயே குரொஸ்பி, வாலக் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எழுதி எச்சரித்தார்கள். பேர்ல் மொழிக்காரர் உடனே திருத்தினார்கள். மற்றப் பலர் எட்டு வருடம் சும்மா இருந்தார்கள். அதற்கு என்ன நியாயம் சொல்வார்களோ! 2011 டிசம்பரில் பேர்லின் மாநாடொன்றில் இருவர் மேடையில் செய்துகாட்டிய பிறகுதான் ஓட்டம் பிடித்தார்கள். மைக்ரோசொஃப்ட் அடுத்த நாளே அவசரத் திருத்தம் வெளியிட்டது. பி.எச்.பி. ஒரு படிவத்துக்கு 1000 கட்டங்கள் என்று வரம்பு வைத்தது. பைத்தான் கணக்கிலே ஓர் இரகசிய எண்ணைக் கலந்தது. எந்தப் பெயர் எந்தப் பெட்டிக்குப் போகும் என்பது வெளியாளுக்கு இனித் தெரியாது.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகள் எழுதும் பைத்தான் டிக்‌ஷனரியும் இந்த ஹேஷ் டேபிள்தான். வீட்டில் அப்படி யாரும் இருந்தால், பைத்தானை மூடித் திறந்து, ஒரே பெயரின் ஹேஷை இரண்டு தடவையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வேறு எண்கள் வரும்.