சேக்கிழார் காட்டும் மறுமாற்றம்

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர், பழைய தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது. அவ்வூரிற் பிறந்த அருண்மொழித்தேவராகிய சேக்கிழார், அநபாயன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் குலோத்துங்கனிடம் (1133–1150) முதலமைச்சராய் விளங்கினார் என்பது சேக்கிழார் புராணம் தரும் செய்தி. அரசன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தபோது அமைச்சர் அதனைக் கடிந்துரைத்தார் என்றும் அந்நூல் கூறும். அவர்தம் அஞ்சாமைக்கு இதனையே சான்றாகக் காட்டுவாருளர். ஓர் இலக்கியத்தைச் சமயப் பற்றால் விலக்கச் சொல்லுதல் நெஞ்சுரத்தின்பாற் படுமோ என ஐயுறுகின்றோம். அரசனிடம் ஊதியம் பெற்ற ஒருவர் அரசாணையை மறுத்தாரைப் பாடிய முறையிலேயே அவ்வுரம் வெளிப்படக் காண்கின்றோம்.

திருநாவுக்கரசர் புராணத்தை எடுத்துக்கொள்வோம். சமணம் விடுத்துச் சைவம் புகுந்த அடிகளை அழைத்துவரும்படி பல்லவ மன்னன் அமைச்சரை ஏவுகின்றான். அமைச்சர் வந்து ஆணையைத் தெரிவிக்க, வர இசையேன் என அடிகள் மறுக்கின்றார். அப்பொழுது பாடப்பெற்ற பதிகம் ஆறாம் திருமுறையில் உள்ளது. ‘மறுமாற்றத் திருத்தாண்டகம்’ என்பது அதன் பெயர். மாற்றம் என்பது சொல், மறுமாற்றம் எதிர்மொழி. பதிகங்கள் பெரும்பாலும் தலத்தாற் பெயர் பெற, இஃது அரசனுக்கு மறுமொழி கூறிய செயலாற் பெயர் பெற்றது.

அதன்பின் நிகழ்வதே கருதற்பாலது. ஆணை கொணர்ந்த அமைச்சர் வாளை உருவினாரல்லர். மறுத்தவர் அடியில் வீழ்ந்து, எழுந்தருள வேண்டும் என இரந்தனர். இரந்தமையால் அடிகள் இசைந்தார். ஆணைக்கு வாராதவர் வேண்டுகோளுக்கு வந்தார் எனும் இவ்வேறுபாட்டைச் சேக்கிழார் நுட்பமாய்ப் பேணுகின்றார். பின்னர் நேர்ந்த நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கடலில் இடுதல் ஆகியன யாவரும் அறிந்தவை.

இங்கு வரலாற்று மாணவர்க்கு ஒரு தடை உண்டு. இம்மன்னன் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் எனச் சேக்கிழார் கூறுதலானும், குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயராதலானும், இருவரும் ஒருவரே என அறிஞர் கொண்டனர். குணபரன் பிற நெறியினின்று மீண்டமையைத் திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டும் குறிக்கும். ஆயினும் புராணம் அரசர் காலத்திற்கு ஏறத்தாழ ஐந்நூறாண்டு பிற்பட்டது. சமணரைக் கொடியராகவே தீட்டும் பகுதிகளை அச்சமயத்தார் மீது சாட்டும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. மனம் மாறிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்தான் என்பதையும் அதே நூல் கூறுகின்றது. அவ்விடிபாட்டை எதிர்த்து ஒரு மறுமாற்றமும் அதில் இல்லை. சேக்கிழாரின் அறவுணர்வுக்கு அவர் சமயம் வகுத்த எல்லை அது.

ஆவடியை அடுத்த திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு வேறு வகையினது. அவர் அரசனை எதிர்த்து ஒன்றும் உரைத்தாரல்லர். கச்சியிற் கற்றளி எடுத்த காடவனே அவரைத் தேடிவந்து வணங்கினான். அதனை ஈண்டு விரித்தல் வேண்டா.

அமைச்சர் என்ற நிலையிற் சேக்கிழார் தம் இனத்தாரை எங்ஙனம் கண்டார் என்பதற்கு மனுநீதிச் சோழன் கதை மேலும் இடந்தருகின்றது. இளவரசன் தேர்க்காலில் ஆன்கன்று இறந்தது. நீதி கேட்டு மணியை அசைத்தது வாயில்லாத் தாய்ப்பசு. வாயுடைய அமைச்சரோ, நூல்வல்லார் விதித்த கழுவாயைச் செய்வித்தல் போதும் என்றனர். பிறன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகனுக்குக் கழுவாயோ என மன்னன் வெகுள்கின்றான். அரசியல் இடுக்கணில் அவையினர் எளிய வழியைச் சாத்திரத்தின் பெயரால் நீட்டும் இயல்பை, அவ்வவையில் வீற்றிருந்த ஒருவரே இங்ஙனம் எழுதினார் என்பது வியப்பன்றோ!

அவருள்ளும் ஓர் அமைச்சன் தனித்து நிற்கின்றான். தேரை மைந்தன்மேற் செலுத்துக என மன்னன் அவனை ஏவ, அவன் அதனைச் செய்யாது அகன்று தன் உயிரைத் துறந்தான். பின்னர் மன்னன் தானே தேரூர்ந்தான். ஆணையை மறுத்த அவ்வமைச்சனுக்குச் சேக்கிழார் பெயர் தரவில்லை. ஒரு சொல்லும் தரவில்லை.