சந்தேகம் என்றொரு பொத்தான்

என் மகளுக்குப் பதினாறு வயது. போன பள்ளி விடுமுறையில் 'எல்.ஏ. நுவார்' விளையாட்டை முடித்துவிட்டுக் கைக்கருவியை சோபாவில் எறிந்தாள். "அப்பா, இவன் ஒரு ஃபிராடு. இவனுக்குப் போய் கடைசியில கண்ணீர் சீனா?" என்றாள். இவன் என்றது கோல் ஃபெல்ப்ஸை. 2011-இல் நானும் இதே கோபத்தோடுதான் அந்த விளையாட்டை மூடிவைத்தேன். அப்போது நாங்கள் வென்ட்வொர்த்வில்லில் ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். அவள் கைக்குழந்தை.

கதை நடப்பது 1947-இன் லாஸ் ஏஞ்சல்ஸில். அது உருவானதோ சிட்னியின் அல்டிமோவில், நான் முதுகலை படித்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில். பிரெண்டன் மெக்நமாரா 2003-இல் தொடங்கிய டீம் போண்டை நிறுவனம் ஏழு ஆண்டுக்கும் மேலாக அதைச் செய்தது. 400-க்கும் மேற்பட்ட நடிகர்களை ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்து, 32 கேமராக்களால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் பதிவு செய்தார்கள். எதற்காக? எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று நாம் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். உண்மை, சந்தேகம், பொய் என மூன்று பொத்தான்கள். சந்தேகப் பொத்தானை அழுத்தினால் அதுவரை மரியாதையாகப் பேசிய ஃபெல்ப்ஸ், சாட்சி சொல்ல வந்த பாட்டியிடம்கூட எகிறிக் குதிப்பான். அது இன்றும் இணையக் கேலியாக உலவுகிறது. 2017-இல் வந்த மறுபதிப்பில் அந்த மூன்றையும் நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம்சாட்டு என்று பெயர் மாற்றினார்கள்.

ஃபெல்ப்ஸ் ஒகினாவா போரில் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வாங்கியவன். லஞ்சம் வாங்காத போலீஸ்காரன். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ரோந்துப் போலீசாகத் தொடங்கி, போக்குவரத்து, கொலை என்று பிரிவு பிரிவாக ஏறுகிறான். அப்புறம் ஒருநாள் எல்சா என்ற ஜெர்மானியப் பாடகியின் வீட்டுக்குப் போகிறான், கதவு சாத்தப்படுகிறது. சகப் போலீஸ்காரனே அதை வெளியில் விட, பதவியும் குடும்பமும் போகின்றன.

விளையாடியவர்கள் பலர் கொதித்தது இங்கேதான். அவர்களின் புகார் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. இருபது மணி நேரம் இவனை நடத்தியது என் கைகள், இந்த முடிவை மட்டும் என்னைக் கேட்காமல் எப்படி எடுத்தான் என்பதுதான். நியாயமான கேள்வி. ஊரார் முகத்தையெல்லாம் படிக்கச் சொல்லிக் கொடுத்த விளையாட்டு, நம் ஆளை மட்டும் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்தே காட்டுகிறது.

நான் மதுரைக்காரன். மனைவியை விட்டுக் கலைஞியிடம் போனவன் என்றதும் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? எங்கள் தெருவில் சித்திரைத் திருவிழா பந்தலில் பட்டிமன்றம் நடக்கும். கோவலன் குற்றவாளியா, பரிதாபத்துக்குரியவனா என்று இரண்டு அணியும் மைக் கரகரக்க வாதாடும். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே வருகிறது. காரைக்குடிக் கம்பன் கழகம் 1939-இல் தொடங்கியதிலிருந்து வாலியையும் கைகேயியையும் கூண்டில் ஏற்றி வந்திருக்கிறோம். கதாபாத்திரத்தின் மேல் வழக்குப் போடுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த யாரும் கோவலனை மாதவி வீட்டுக்குத் தம் கையால் நடத்திக்கொண்டு போனவர்கள் இல்லை. அந்தச் சௌகரியம் என் மகளுக்குக் கிடைக்கவில்லை.

கோவலனாவது திரும்பி வந்தான். ஃபெல்ப்ஸின் மனைவி மேரிக்கு இந்த விளையாட்டில் மிஞ்சிப்போனால் சில நிமிடங்கள். கணவனை வீட்டை விட்டுத் துரத்துவதற்கே அவளைக் கூப்பிட்டதுபோல இருக்கிறது. கண்ணகிக்கு ஒரு காப்பியத்தையே கொடுத்த மரபில் வந்தவனுக்கு இது பெரிய குறையாகவே படும்.

அதைவிட என்னை உறுத்தியது கொலைப் பிரிவு. 1947 ஜனவரியில் நிஜமாகவே கொலையுண்ட எலிசபெத் ஷார்ட்டின் துலங்காத வழக்கைப் பின்னணியில் வைத்து, வரிசையாகப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு வழக்கிலும் யாரையாவது கைது செய்தாக வேண்டும். ஒரு வழக்கில் இரண்டு பேர் கூண்டில் இருப்பார்கள். ஒருவன் செத்தவளின் கணவன். இன்னொருவன் குழந்தைகளிடம் தப்பாக நடந்த பழைய குற்றவாளி. நான் கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டாமவன் மேல் குற்றம் சாட்டினேன். என் மகளும் அதையேதான் செய்தாளாம். அருவருப்பே சாட்சியாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் கொன்றது இருவருமே இல்லை. அந்தப் பிரிவில் நாம் சிறைக்கு அனுப்பிய யாருமே கொலைகாரர் இல்லை. கொன்றவன் ஒரு மதுக்கடைப் பணியாளன். பெரிய இடத்து உறவு என்பதால் உண்மை அமுக்கப்பட்டு, மற்றவர்கள் சத்தமில்லாமல் விடுவிக்கப்படுகிறார்கள். ஒரு பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனை ஊர்க்காரன் என்ற கூச்சத்தோடு கேட்டு வளர்ந்தவன் நான். அவனாவது தவறு தெரிந்ததும் உயிரை விட்டான். நான் அடுத்த வழக்குக்குப் போய்விட்டேன். இதையெல்லாம் மறந்துவிட்டு ஃபெல்ப்ஸ் எல்சா வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் எனக்கு அறச்சீற்றம் வந்தது.

ஃபெல்ப்ஸின் உண்மையான குற்றம் வேறு. வழக்குகளுக்கு நடுநடுவே துண்டு துண்டாக ஒகினாவா வரும். பதக்கம் வாங்கித்தந்த இரவில் அவன் பயத்தில் உறைந்து குழிக்குள் கிடந்தவன். பிறகு ஒரு குகைக்குள் நெருப்பு பீய்ச்ச உத்தரவிடுகிறான். உள்ளே இருந்தது எதிரிப்படை இல்லை, காயப்பட்டவர்களும் பொதுமக்களும் அடைக்கலமிருந்த மருத்துவமனை. அவன் படையாள் ஒருவனே அவனைப் பின்னாலிருந்து சுடுகிறான்.

இது முழுக்கக் கற்பனை இல்லை. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒகினாவா போரில் குகைகளே மருத்துவமனைகளாக இருந்தன. ஹிமேயூரி மாணவியர் என்று அழைக்கப்படும் 222 பள்ளிப் பெண்களும் 18 ஆசிரியர்களும் அங்கே தாதியராக அனுப்பப்பட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

எல்.ஏ. நுவார் அமெரிக்காவில் வெளியான நாள் 2011 மே 17. அந்தத் தேதி தமிழர்களுக்கு எதற்கு முந்தைய நாள் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய மாதம்தான் ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை வெளியாகியிருந்தது. வன்னியில் மருத்துவமனைகள் மீது அரசுப் படைகள் எறிகணை வீசியதையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று அது சொன்னது.

என்னோடு அப்போது ஒரே வேலையிடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் பெரிய விளையாட்டுப் பிரியர். வட்டை முதலில் வாங்கியவர் அவர்தான். நான் முடித்த கையோடு மதிய உணவு நேரத்தில் எல்சா விவகாரத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். அவர் குகைக் காட்சியோடு நிறுத்திவிட்டிருந்தார்.

"உதுக்குப் பிறகு நான் விளையாடேல்லை, தம்பி" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு ஒருக்கா கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் பெண் விவகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தேன். அதன்பின் அவரிடம் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இந்தக் கதைக்கு வெளியிலும் ஒரு கூண்டு காத்திருந்தது. விளையாட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே டீம் போண்டையின் முன்னாள் ஊழியர்கள் பேச ஆரம்பித்தார்கள். முடிவில்லாத வேலை நேரம், வார இறுதி வேலை, மேலிடத்துக் கூச்சல். நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் நன்றிப் பட்டியலில் இல்லை என்று அவர்களே ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். சர்வதேச விளையாட்டு உருவாக்குநர் சங்கம் விசாரிப்பதாக அறிவித்தது. இந்தத் துறையில் நீண்ட நேர வேலை புதிதில்லை என்கிற மாதிரி மெக்நமாரா தம் பக்கத்தைச் சொன்னார். பொய் கண்டுபிடிக்கும் விளையாட்டைச் செய்தவர்களை உலகம் பொய் கண்டுபிடிக்கும் கண்ணால் பார்த்தது. அந்த ஆகஸ்டிலேயே நிறுவனம் நிர்வாகிகள் கைக்குப் போய், அக்டோபரில் கலைப்புக்கு வந்தது. ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரைத் தாண்டி நின்ற காலம் அது. வெளிநாட்டு முதலாளிகளுக்கு நம் உழைப்பின் விலை கட்டுப்படியாகவில்லை. அதே ஆகஸ்டில் மெல்பனின் புளூ டங் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. ஆகவே டீம் போண்டை விழுந்ததற்கு ஒரு மனிதரின் குணம் மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் அவசரத் தீர்ப்புதான்.

ஆனால் பெயர் விடுபட்ட விஷயத்தில் என்னால் நடுவராக இருக்க முடியவில்லை. ஒரு பெரிய கணினித் திட்டத்தில் பதினான்கு மாதம் ராத்திரி பகலாக உழைத்து, தொடக்க விழா அழைப்பிதழில்கூட எங்கள் குழு இல்லாமல் போனதைப் பார்த்தவன் நான். மென்பொருள்காரனுக்குக் கல்வெட்டு கிடையாது. கடைசியில் ஓடும் பெயர் வரிசைதான் இருக்கிறது.

மகள் கைக்கருவியை எறிந்த அன்று திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதை முடிவில் ஃபெல்ப்ஸ் வெள்ளம் புகுந்த வடிகாலில் எல்சாவையும் பழைய படைத்தோழன் கெல்சோவையும் மேலேற்றிவிட்டுத் தான் அடித்துச் செல்லப்படுகிறான். அது அவளைக் கொஞ்சமும் அசைக்கவில்லை.

"அந்தக் குகையில இருந்தவங்களுக்கு யாரு கண்ணீர் சீன் வச்சாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த அண்ணனுக்கு விளங்கிய இடத்துக்கு அவள் தானாகவே வந்து சேர்ந்துவிட்டாள். பேச்சை மாற்றுவதற்காக, "இந்தப் பட்டியல் முழுசு இல்லைம்மா, தெரியுமா?" என்றேன்.

"எத்தனை பேர் மிஸ்ஸிங்?"

"நூறு பேருக்கு மேல."

அவள் கைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கினாள்.