வீட்டு வாசலில் இரு வரிகள்

2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்நாட்டின் வீட்டு உரிமையாளர்கள் மத்தியில் பெரும் பதற்றத்தை ஏற்படுத்திய செய்தியொன்று பலருக்கும் நினைவிருக்கும். சர்வதேச நாணய நிதியத்துடனான இணக்கப்பாட்டின் கீழ், சொந்த வீட்டில் குடியிருப்பவர்களும் அவ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையை வருமானமாகக் காட்டி வரி செலுத்த நேரிடும் என்பதே அச்செய்தியாகும். கருதப்பட்ட வாடகை வருமானத்தின் மீதான இவ்வரி 2025 ஏப்ரலில் ஆரம்பமாகும் வரி ஆண்டுக்கு முன்னர் கொண்டுவரப்படவிருந்தது. இரண்டாவது வீடு வைத்திருப்போரையே அது பாதிக்கும் என அன்றைய அரசாங்கம் விளக்கமளித்தது. எதிர்க்கட்சியோ சாதாரண மக்களின் வீடுகளும் தப்பாது என்றது. ஈற்றில் குறிப்பிட்ட திகதியில் அவ்வரி நடைமுறைக்கு வரவில்லை.

வரி வரவில்லையாயினும், அதனைச் சுற்றியெழுந்த விவாதம் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. வீட்டின் பேரால் தாம் இப்போது செலுத்தும் வரி எது, அது யாருக்குப் போகின்றது, எதன் அடிப்படையில் கணிக்கப்படுகின்றது என்பதை வீட்டு உரிமையாளர்களில் கணிசமானோர் அறிந்திருக்கவில்லை. சோலை வரி கட்டுவதால் வருமான வரியிலிருந்து தப்பிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வருமான வரிக் கோவை திறந்தால் குடியிருக்கும் வீட்டுக்கும் வரி வந்துவிடும் என்று அஞ்சி, சட்டப்படி தமக்குக் கிடைக்க வேண்டிய பணத்தையே கோராமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

எனவே முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியமாகும். வீடு நிலத்தில் நிற்பதற்காக வரி அறவிடுவது உள்ளூராட்சி மன்றம். அந்த வீடு வாடகையாகவோ விற்பனை இலாபமாகவோ பணம் ஈட்டித் தந்தால் அதில் பங்கு கேட்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். 1932 ஆம் ஆண்டின் வருமான வரிக் கட்டளைச் சட்ட காலத்திலிருந்தே, உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டின் நிகர வருடாந்தப் பெறுமதியை வருமானமாகக் கருதும் ஏற்பாடு எமது வரிச் சட்டத்தில் இருந்து வந்தது. ஆகவே 2024 இல் பேசப்பட்டது முற்றிலும் புதியதொரு சிந்தனையல்ல. 2018 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அவ்வேற்பாடு தொடரப்படவில்லை.

சோலை வரி, ஆதன வரி, மதிப்பீட்டு வரி எனப் பிரதேசத்துக்குப் பிரதேசம் வெவ்வேறு பெயர்களால் அழைக்கப்படும் உள்ளூராட்சி வரியின் அத்திவாரம் ‘வருடாந்தப் பெறுமதி’ என்பதாகும். இது வீட்டின் விற்பனை விலையன்று. அந்த வீட்டை நியாயமானதொரு வாடகைக்காரர் ஆண்டொன்றுக்கு என்ன வாடகைக்கு எடுப்பார் என்ற மதிப்பீடே அது. விலை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் துணையுடன் இப்பெறுமதி நிர்ணயிக்கப்பட, அதன் மீது இத்தனை சதவீதம் என்று சபை வரி விதிக்கின்றது. உதாரணமாக, வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபா, வரி வீதம் 8 சதவீதம் எனக் கொண்டால் ஆண்டுக்கான வரி 4,800 ரூபாவாகும். காலாண்டுக்கு 1,200 ரூபா. முழு ஆண்டுக்கான வரியையும் ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன்னர் செலுத்துபவருக்கு 10 சதவீதக் கழிவு உண்டென்பதால் அவர் 4,320 ரூபாவைச் செலுத்தினாற் போதுமானது. காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்திலேயே செலுத்துபவருக்கு 5 சதவீதம் கழிக்கப்படும். பிரதேச சபைப் பகுதிகளில், கட்டடங்கள் நிறைந்த பகுதிகள் எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களிலேயே இவ்வரி அறவிடப்படும். பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி என்பது வேறாக உள்ளது.

வரி வீதத்தைப் பற்றி முறையிடுபவர்கள் பலர். ஆனால் வீதம் சபை முழுவதற்கும் பொதுவானது, தனியொருவரால் அதனை மாற்ற இயலாது. தனியொருவர் கேள்வியெழுப்பக்கூடிய இடம் வருடாந்தப் பெறுமதியே. பல சபைகளில் பழைய மதிப்பீடே ஆண்டுக்காண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்து, திடீரென ஒருநாள் மீள்மதிப்பீடு நடைபெறும்போது பெறுமதி பன்மடங்காக உயர்வதுண்டு. இடித்தகற்றப்பட்ட பின்கட்டு இன்னும் பதிவேட்டில் இருக்கலாம். முன்விறாந்தையில் சில காலம் நடத்திய சிறு கடையை மூடிய பின்னரும் வீடு வர்த்தக இடமாகக் கணிக்கப்பட்டு உயர்ந்த வீதத்தில் வரி விதிக்கப்பட்டிருக்கலாம். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்ததும் அதில் குறிப்பிடப்பட்ட காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க உரிமையாளருக்குச் சட்டம் உரிமை வழங்குகின்றது. மாநகர சபைகளில் அது ஒரு மாத காலமாகும். சபையின் தீர்மானத்தில் திருப்தியில்லையெனில் நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால் நடப்பது என்ன? அறிவித்தலை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, வரிப் பட்டியல் வந்த பின்னரே சபைக்குச் சென்று வாக்குவாதப்படுகிறோம். அப்போது உத்தியோகத்தர் செய்யக்கூடியது அதிகமில்லை.

வரியைச் செலுத்தாது விடுவதன் விளைவு பலரும் எண்ணுவதைவிடப் பாரதூரமானது. நிலுவைக்கு ஆணைக் கட்டணம் சேரும், அசையும் பொருட்களைக் கைப்பற்ற முடியும், அதுவும் போதாதவிடத்து ஆதனத்தையே விற்கவும், வாங்குவாரில்லாதபோது சபைக்கு உரித்தாக்கவும் சட்டத்தில் இடமுண்டு. காணி வாங்கும்போது, வரி நிலுவைக்காக இந்தக் காணி சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்ற சான்றிதழை நொத்தாரிசு கேட்பது இதனாலேயே.

வடக்கு, கிழக்கு மக்களுக்கு இவ்விடயத்தில் மற்றுமொரு பரிமாணமும் உண்டு. யுத்தத்தினால் இடம்பெயர்ந்தவர்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் திரும்பி வந்தபோது, உறுதிகள் தொலைந்த நிலையில் தமது காணியை அடையாளப்படுத்தப் பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டுகளையும் தேட வேண்டியிருந்தது. பற்றுச்சீட்டு உரிமையுறுதிக்கு ஈடாகாது. சபையின் பதிவேட்டில் ஒருவரது பெயர் இருப்பதனால் மட்டும் அவர் உரிமையாளராகிவிட மாட்டார். எனினும் ஆதனத்தோடு ஒருவருக்கு இருந்த தொடர்பைக் காட்டும் சான்றாக அது பயன்படக்கூடும். வெளிநாட்டிலுள்ள சகோதரரின் வீட்டுக்கு வரி செலுத்துபவர்கள், அவரது பெயரிலேயே பற்றுச்சீட்டைப் பெற்று வைப்பது பின்னாளில் ஏற்படக்கூடிய குடும்பப் பிணக்குகளையும் தவிர்க்க உதவும்.

கிழக்கில் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலுமே திருமணத்தின்போது மகளுக்கு வீடு வழங்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. உறுதி மகளின் பெயருக்கு மாறியிருக்கும், சோலைவரிப் பதிவேட்டில் தந்தையின் பெயரே நீடிக்கும். அந்தத் தந்தை காலமான பின்னரும் அறிவித்தல்கள் அவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும். உறுதியின் பிரதியைச் சமர்ப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்வது சிறிய காரியமே. அதனைச் செய்யாதவர்கள் மீள்மதிப்பீட்டின்போது ஆட்சேபிக்கக்கூட இயலாது தடுமாறுகின்றனர்.

இனி வருமான வரிக்கு வருவோம். வீட்டை வாடகைக்கு விட்டால் அவ்வாடகை முதலீட்டு வருமானமாகும். அதில் 25 சதவீதம், திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்கான நிவாரணமாக இலங்கையில் வதியும் தனிநபருக்குக் கழிக்கப்படும். இதற்குப் பற்றுச்சீட்டுகள் காட்ட வேண்டியதில்லை. இதற்கும் மேலாக, 2025 ஏப்ரல் முதலாந் திகதி ஆரம்பமான வரி மதிப்பாண்டு முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாகும். அதற்கு முன்னர் அது 12 இலட்சமாக இருந்தது. நிவாரணத்துக்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதமும், அதன் பின்னர் 18 சதவீதத்திலிருந்து படிப்படியாக 36 சதவீதம் வரையும் வரி விதிக்கப்படுகின்றது.

மாதம் 150,000 ரூபா சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது ஆண்டுச் சம்பளம் 18 இலட்சம், நிவாரணம் அத்துடன் தீர்ந்துவிடுகின்றது. மாதம் 40,000 ரூபா வாடகைக்கு வீடொன்றையும் அவர் விட்டிருப்பாராயின், ஆண்டு வாடகை 480,000 ரூபா. அதில் 25 சதவீதமான 120,000 ரூபாவைக் கழித்தால் எஞ்சுவது 360,000 ரூபா. அதற்கு 6 சதவீத வரி 21,600 ரூபா. சம்பளத்தில் வரி பிடிக்கப்படாததால் தமக்கு வரியே இல்லை என்று அவர் நினைத்திருந்தால் அது தவறாகும்.

மறுபுறம், வேறு வருமானமில்லாத ஓய்வுபெற்ற ஒருவர் தமது வீட்டை மாதம் 120,000 ரூபாவுக்கு நிறுவனமொன்றுக்கு விட்டிருக்கிறார் எனக் கொள்வோம். மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டுவதால் நிறுவனம் 10 சதவீதத்தை நிறுத்திவைத்தல் வரியாகக் கழித்தே கொடுக்கும். ஆண்டுக்கு 144,000 ரூபா அவ்வாறு கழிக்கப்படுகின்றது. ஆனால் 25 சதவீத நிவாரணத்தின் பின்னர் அவரது வருமானம் 1,080,000 ரூபா மட்டுமே, 18 இலட்சத்துக்கு மிகவும் குறைவு. அவர் செலுத்த வேண்டிய வரி பூச்சியம். கழிக்கப்பட்ட முழுத்தொகையையும் மீளப் பெற அவருக்கு உரிமையுண்டு. அதற்கு அவர் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். கோவை திறக்க அஞ்சுபவர் இழப்பது இந்தப் பணத்தையே.

இரு வருட வாடகையை முற்பணமாக ஒரே தடவையில் வாங்கும் வழக்கம் நகரங்களில் பரவலாக உள்ளது. தனிநபரின் முதலீட்டு வருமானம், பணம் கைக்கு வரும் ஆண்டின் அடிப்படையில் கணிக்கப்படுவதால், அத்தகைய வாடகை ஓராண்டில் குவிந்து உயர்ந்த வரிப்படிக்கு இட்டுச் செல்லக்கூடும். உடன்படிக்கை எழுதும் முன்னரே இதனைச் சிந்திக்க வேண்டும். உறுதி மனைவியின் பெயரில் இருக்க வாடகையைக் கணவர் பெற்றாலும், சட்டத்தின் பார்வையில் அது உரிமையாளரின் வருமானமே. மனைவிக்கு வேறு வருமானமில்லையெனில் பெரும்பாலும் வரியும் வராது.

பதினெட்டு வயதைப் பூர்த்தி செய்தவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, வரி அடையாள இலக்கம் பெற்றாலே வரி செலுத்த வேண்டும் என்ற தப்பபிப்பிராயம் பரவியது. இலக்கம் ஒரு பதிவு மாத்திரமே. வரி வருமானத்துக்கே உரியது. விபரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டியவர்களுக்கான இறுதித் திகதி, மார்ச் 31 இல் முடிவடைந்த ஆண்டுக்கு, அதனையடுத்து வரும் நவம்பர் 30 ஆகும்.

வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரி பற்றிய கேள்வி எழுகின்றது. 2018 ஏப்ரலில் 10 சதவீத வீதத்துடன் இவ்வரி மீண்டும் கொண்டுவரப்பட்டது. வீதம் சட்டத் திருத்தங்களால் மாறக்கூடியதென்பதால் உறுதி எழுதும் காலத்தில் உள்ளதை அறிந்துகொள்ள வேண்டும். விற்றவர் 30 நாட்களுக்குள் விபரத்திரட்டைச் சமர்ப்பித்தல் வேண்டும். தமது பிரதான வதிவிடத்தை விற்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் விற்பனைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அவர் அதன் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும், அவற்றுள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருக்கவும் வேண்டும்.

இந்த நிபந்தனையிலேயே எமது மக்களிற் பலர் அகப்பட்டுக்கொள்கின்றனர். பிறந்து வளர்ந்த ஒரே வீடாக இருப்பினும், இடம்பெயர்ந்து கொழும்பிலோ புத்தளத்திலோ வாழ்ந்தவர், புலம்பெயர்ந்து கனடாவில் வாழ்பவர் ஆகியோர் அந்த வீட்டில் அண்மைய ஆண்டுகளில் வாழ்ந்ததாகக் காட்ட முடியாது. தாம் விரும்பி வெளியேறவில்லை என்பதை இந்த விலக்கு கணக்கிலெடுப்பதில்லை. சட்டத்தை வரைந்தவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே எமது கருத்து. அத்தகையோருக்கு இப்போதுள்ள முக்கிய ஆறுதல் ஒன்றே. 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி வைத்திருந்த ஆதனங்களுக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியே கொள்விலையாக ஏற்கப்படும். பாட்டனார் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய காணியாயினும், ஆதாயம் அந்தத் திகதியின் பெறுமதியிலிருந்தே கணிக்கப்படும். ஆகவே விற்க எண்ணுபவர்கள், விலை பேசும் முன்னரே, அத்திகதிக்குரிய பெறுமதியைத் தகைமைபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் பெற்று உறுதியுடன் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.