முகப்பு விளக்கின் கதை: கார்பைடு முதல் செனான் வரை

இருட்டில் நடந்து செல்பவருக்கு ஒரு கைவிளக்கு போதும். நான்கு எட்டுத் தொலைவு தெரிந்தால், கல்லிலும் முள்ளிலும் கால் படாமல் போய்விடலாம். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் அது பல பத்து மீட்டர் ஓடிவிடும். ஆகவே, வேகம் கூடக் கூட விளக்கின் ஒளியும் தொலைவுக்கு எட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் பிறக்கிறது. அதே சாலையில் எதிரிலும் ஒரு வண்டி வருகிறது. நமக்கு வழி காட்டும் ஒளி, அந்த ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்கிறது. அவருக்குப் பார்வை தெளிய மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அவருடைய வண்டி 66 மீட்டர் தூரத்தைக் குருடாகக் கடந்திருக்கும். தொலைவு தெரிய வேண்டும். எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது. முகப்பு விளக்கின் நூற்றாண்டு வரலாறு இவ்விரு தேவைகளுக்கும் இடையே நடந்த இழுபறியே எனலாம். காரில் உள்ள ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டுச் செனான் பல்பைப் பொருத்த விரும்புவோர் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

கார்பைடுக் கல்லும் தண்ணீரும்

1886ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து மோட்டார் வண்டிகளில், குதிரை வண்டிகளில் தொங்கிய எண்ணெய் விளக்குகளே மாட்டப்பட்டன. அவை வழியைக் காட்டின என்பதைவிட, வண்டி வருவதைப் பிறருக்கு அறிவித்தன என்பதே பொருந்தும்.

அடுத்து வந்தது அசெட்டிலீன் விளக்கு. கால்சியம் கார்பைடின் மீது தண்ணீர் பட்டால் அசெட்டிலீன் வாயு வெளிப்படும். வெல்டிங் பட்டறைகளில் இவ்வாயு எரிவதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். 1892இல் டாமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் கார்பைடைத் தயாரிக்கும் வழியைக் கண்ட பிறகு, அது எளிதில் கிடைக்கும் பொருளாயிற்று. விளக்கின் மேல் தொட்டியில் தண்ணீர், கீழ்த் தொட்டியில் கார்பைடுக் கல். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, பிறக்கும் வாயுவைத் தீக்குச்சியால் பற்றவைப்பார்கள். வெண்மையான சுடர் எழும். அந்தச் சுடரைக் குழிவான ஆடி ஒன்றின் குவியத்தில் வைத்தார்கள். குவியத்திலிருந்து புறப்படும் ஒளி இணைக்கதிர்களாகத் திரும்பும் என்பது பள்ளிப் பாடம். இவ்வாறு, சுற்றிலும் சிதறிய ஒளி முதன்முறையாக ஒரு திசையில் குவிந்து சாலையின் மேல் விழுந்தது.

ஒளியைத் தரும் பொருள் ஒன்று, அந்த ஒளியை வேண்டிய இடத்துக்கு அனுப்பும் கிண்ணம் மற்றொன்று. இந்த இரண்டும் சேர்ந்ததே முகப்பு விளக்கு. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் வந்தது

1898இல் அமெரிக்காவின் கொலம்பியா மின்சாரக் காரில் மின்விளக்குகள் பொருத்தப்பட்டன. ஆனால் அக்காலத்து மின்னிழைகள் மிகவும் மென்மையானவை. மேடுபள்ளமான சாலையின் குலுக்கலில் அறுந்துபோயின. 1910ஆம் ஆண்டையொட்டி வில்லியம் கூலிட்ஜ் என்ற விஞ்ஞானி, எளிதில் நொறுங்கும் டங்ஸ்டன் உலோகத்தை உறுதியான கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டார். 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் அமைப்பு இடம்பெற்றது. எஞ்சினைக் கிளப்புவது, எரிபொருளைப் பற்றவைப்பது, விளக்கை எரிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அது செய்தது. அதன்பின் கார்பைடுத் தொட்டிகள் மெல்ல மறைந்தன.

ஒளி வளர்ந்தது, கண் கூச்சமும் வளர்ந்தது. வலிய ஒளி கண்ணுக்குள் நுழையும்போது அதில் ஒரு பகுதி கண்ணின் வில்லையில் சிதறி, விழித்திரையின் மேல் வெண்திரை விரித்தாற்போல் படிகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் நடந்து வரும் மனிதரோ, விளக்கில்லாத மாட்டு வண்டியோ தெரிவதில்லை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை தெளிவை இழப்பதால், முதியோருக்கு இத்தொல்லை அதிகம்.

இதற்கு ஒரு நல்ல விடை 1924இல் கிடைத்தது. ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனம் 'பைலக்ஸ்' என்ற பல்பை வெளியிட்டது. ஒரே பல்புக்குள் இரண்டு மின்னிழைகள். ஒன்று ஆடியின் குவியத்தில் இருந்து தொலைவுக்கு ஒளி வீசும். மற்றொன்று குவியத்தைவிட்டுச் சற்று விலகி, தன்கீழ் ஒரு சிறு உலோகத் தகட்டுடன் இருக்கும். ஆடியின் கீழ்ப்பகுதியில் பட்டு மேல்நோக்கிச் செல்லக்கூடிய கதிர்களை அத்தகடு மறைத்துவிடும். நம் ஓட்டுநர்கள் 'பிரைட்', 'டிம்' என்று சொல்வது இந்த இரண்டையும்தான். டிம் என்பது மங்கிய விளக்கு அன்று. கீழ்நோக்கி அடக்கப்பட்ட விளக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

1957இல் ஐரோப்பாவில் இன்னொரு திருத்தம் வந்தது. டிம் ஒளியின் மேல் விளிம்பு எதிர்வண்டியின் பக்கம் தாழ்ந்தும், சாலையோரத்தின் பக்கம் உயர்ந்தும் இருக்குமாறு அமைத்தார்கள். இதனால் எதிரே வருபவர் கண் கூசாமலே, ஓரத்தில் நடப்பவர் தொலைவிலிருந்து தெரிந்தார். நம் நாட்டைப் போல் இடப்புறம் செல்லும் நாடுகளில் அவ்விளிம்பு இடப்பக்கம் உயர வேண்டும். வலப்புறம் செல்லும் நாட்டின் விளக்கை இங்கே பொருத்தினால், எதிரே வருபவரின் முகத்துக்கே அது ஒளியைத் தூக்கிவிடும்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் சென்றார்கள். நாளடைவில் ஆடி மங்குவதும், மாற்றிய பல்பு சரியான இடத்தில் உட்காராததும் அவர்களுக்குத் தொல்லையாயிருந்தன. 1939இல் மின்னிழை, ஆடி, முன்கண்ணாடி மூன்றையும் ஒன்றாக மூடி முத்திரையிட்ட 7 அங்குல வட்ட விளக்கை அறிமுகப்படுத்தினார்கள். இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் இழைக்கும் ஆடிக்கும் உள்ள உறவு எவர் கைபட்டும் கெடாமல் காக்கப்பட்டது.

நம் நாட்டு லாரிகளிலும் பேருந்துகளிலும் முகப்புக் கண்ணாடியின் நடுவே கறுப்பு வட்டம் ஒட்டும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் கண்டிருக்கிறோம். கண் கூச்சத்தைக் குறைக்க எடுத்த எளிய முயற்சி அது.

அயோடின் செய்த விந்தை

மின்னிழையை எவ்வளவு சூடாக்குகிறோமோ அவ்வளவு வெண்மையான ஒளி கிடைக்கும். ஆனால் சூடு மிகுந்தால் டங்ஸ்டன் ஆவியாகும். ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் கரியாகப் படியும். இழை மெலியும், ஒளி மங்கும். இறுதியில் இழை அறும்.

இந்தத் தடையை உடைத்தவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்த எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி ஆகியோர். குவார்ட்ஸ் குழாய்களில் அமைந்த வெப்ப விளக்குகள் கறுப்பதைத் தடுக்க முயன்றபோது, 1950களில் அவர்கள் விளக்கினுள் சிறிது அயோடினைச் சேர்த்துப் பார்த்தார்கள். விளக்கு கறுக்கவில்லை. எட்வர்டு ஜுப்ளர், ஃபிரெடரிக் மாஸ்பி முதலியோர் இதனைச் செம்மைப்படுத்தினர். 1959இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

நடப்பது இதுதான்: ஆவியான டங்ஸ்டன், குழாயின் சுவரருகே அயோடினுடன் கூடி ஒரு சேர்மமாகிறது. சுவர் 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக இருப்பதால் அது அங்கே படிவதில்லை. மிதந்து திரிந்து இழையை நெருங்கும்போது, கடும் வெப்பத்தில் சிதைந்து, டங்ஸ்டனை இழையிடமே ஒப்படைக்கிறது. விடுபட்ட அயோடின் மீண்டும் சுவரை நாடுகிறது. திரும்பி வரும் டங்ஸ்டன் இழையின் மெலிந்த இடத்திலேயே படியும் என்று சொல்ல முடியாது. ஆகையால் இந்த விளக்கும் ஒருநாள் அறுந்துபோகிறது. எனினும் கண்ணாடி தெளிவாகவே இருக்கிறது. இழையையும் கூடுதலாகச் சூடாக்க முடிகிறது. அயோடினும் புரோமினும் ஹாலஜன் குடும்பத்தைச் சேர்ந்த தனிமங்கள். அதனால் ஹாலஜன் விளக்கு என்ற பெயர் வந்தது.

1962இல் ஐரோப்பாவில் முதல் ஹாலஜன் முகப்பு விளக்கு, 'எச் 1', வெளிவந்தது. அதில் ஒரே இழை. 1971இல் இரண்டு இழைகள் கொண்ட 'எச் 4' வந்தது. புதிய பல்புடன் அதற்கேற்ற ஆடியும் முன்கண்ணாடியும் வகுக்கப்பட்டன.

'அந்நியன்' வருகிறது

1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் திரவக் காற்றை ஆராய்ந்தபோது ஒரு புதிய மந்த வாயுவைக் கண்டார்கள். கிரேக்க மொழியில் 'அந்நியன்' என்று பொருள்படும் செனான் என்ற பெயரை அதற்கு இட்டார்கள். காற்றில் ஒரு கோடிப் பங்குக்கு ஒரு பங்குகூட இல்லாத அரிய வாயு அது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவலாம் என்று ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குப் பரிந்துரைத்தவரும் இதே ராம்சேதான்.

செனான் விளக்கு நமக்கு முற்றிலும் புதியதன்று. திரைப்படக் கொட்டகைகளில் கார்பன் குச்சிகளுக்கு மாற்றாக வந்தது செனான் வில் விளக்கே. காரில் வரும் விளக்கும் அவ்வகைதான் என்றாலும், அதன் குமிழில் செனானுடன் உலோக உப்புகளும் உண்டு. தொடக்கத்தில் பாதரசமும் இருந்தது. பின்னர் பாதரசம் இல்லாத வகைகள் வந்தன. இதில் இழையே இல்லை. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மின்வில் எரிகிறது. அதைக் கிளப்ப 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு கணம் தேவை. இதற்குத் தனி மின்னணுச் சாதனம் உண்டு. செனான் உடனே ஒளி தரும். சில விநாடிகளில் உப்புகள் ஆவியாகி முழு ஒளி பிறக்கும். 55 வாட் ஹாலஜன் பல்பு 1,500 லூமன் அளவு ஒளி தரும். 35 வாட் செனான் பல்போ 3,200 லூமன் வரை தரும். பாதிக்குச் சற்றே கூடுதலான மின்சாரத்தில் இரு மடங்கு ஒளி!

1991இல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் இவ்விளக்கு முதலில் இடம்பெற்றது. ஒளி இரு மடங்கானால் கட்டுப்பாடும் அதற்கேற்ப இறுக வேண்டும் அல்லவா? பின்னிருக்கையில் ஆள்கள் ஏறினாலே காரின் மூக்கு உயரும். விளக்கு ஒரு டிகிரி நிமிர்ந்தாலும், 50 மீட்டர் தொலைவில் ஒளி ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். கண்ணாடியில் புழுதி படிந்தால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். ஆகவே 2,000 லூமனுக்கு மேற்பட்ட டிம் விளக்குகளுக்கு, தானாகவே சாய்வைச் சரிசெய்யும் பொறியும் கண்ணாடியைக் கழுவும் பொறியும் ஐரோப்பிய விதிகளில் கட்டாயமாக்கப்பட்டன.

பல்பு மட்டும் மாறினால்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஹாலஜன் விளக்கின் கிண்ணத்தில் செனான் பல்பை மட்டும் செருகினால் என்ன ஆகும்?

ஹாலஜன் இழை நேரானது. நீளம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் ஒளிர்வது. மின்வில்லோ மேல்நோக்கிச் சற்று வளைந்தது. இரு முனைகளின் அருகே மிகுதியாக ஒளிர்வது. இழை எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கும் என்று நுட்பமாகக் கணக்கிட்டு வார்த்த ஆடி, புதிய ஒளியை அதே ஒழுங்கில் அனுப்பாது. டிம் ஒளியின் கூர்மையான விளிம்பு கலையும். ஒளி மேலே கசிந்து எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கும். ஆடியில் நேரடியாகப் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட செனான் பல்பில், வேண்டாத கதிர்களை மறைக்கக் குமிழின் மேலேயே கறுப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

இழப்பு எதிரே வருபவருக்கு மட்டுமன்று. சிதறும் ஒளி காருக்கு முன்னால் அருகிலுள்ள தரையை மிகவும் வெளுக்கச் செய்யும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்வதால், தொலைவிலுள்ள இருள் இன்னும் இருண்டு தோன்றும். வெளிச்சம் கூடியதாக ஓட்டுநர் மகிழ்வார். ஆனால் பார்வை எட்டும் தூரம் குறைந்திருக்கும். பிரிட்டனில், 1986 ஏப்ரலுக்குப் பின் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் ஹாலஜன் விளக்கைச் செனான் பல்புக்கு மாற்றியிருந்தால், 2021 முதல் ஆண்டுச் சோதனையில் அந்த விளக்கு தேறுவதில்லை.

அப்படியானால் மங்கலான விளக்கோடு காலம் தள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் முகப்பைத் தெளிவாக்கலாம். பழைய பல்பை அதே வகைப் புதிய பல்பாக மாற்றலாம். விளக்கின் சாய்வைச் சரிபார்க்கலாம். துருவேறிய இணைப்புகளைச் சீராக்கலாம். பல்புக்கு எட்டும் மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே ஒளி 16 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். செனானே வேண்டுமென்றால், அதற்கென வகுத்த கிண்ணம், வில்லை, சாய்வுப் பொறி, கழுவும் பொறி ஆகிய அனைத்தும் சேர்ந்த முழு விளக்கையே பொருத்த வேண்டும்.

செனானின் ஆட்சியும் நீடிக்கவில்லை. 2007இல் லெக்ஸஸ் காரின் டிம் விளக்கிலும், 2008இல் ஆடி ஆர் 8 காரின் முகப்பு விளக்கு முழுவதிலும் எல்.இ.டி. வந்தது. இன்று புதிய கார்களில் செனானின் இடத்தை அது பிடித்துக்கொண்டு வருகிறது. ஹாலஜன் கிண்ணத்தில் செருகும் எல்.இ.டி. பல்புகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஒளி தரும் பொருள் எதுவானாலும், அந்தக் கிண்ணம் அதற்காக வகுக்கப்பட்டதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சாலையில் வரும் ஒவ்வொரு விளக்கின் முன்னாலும் இன்னொரு மனிதரின் கண்கள் இருக்கின்றன.